வெளிநாட்டு மெஷினும் நம்மூர் கரண்டும்: டிரான்ஸ்ஃபார்மர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் தென்காசி, கடையநல்லூர், அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று இரண்டு மாநிலத்துக்காரர்களும் வருவார்கள். வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் அங்கே வாங்கிய டிரில், கட்டிங் மெஷின், வட்ட ரம்பம் என்று கொண்டுவந்து மேஜையில் வைத்து, "அண்ணாச்சி, இது இங்க ஓடுமா?" என்று கேட்பார்கள். கிழக்கே இருந்து வந்தால் அண்ணாச்சி, மேற்கே இருந்து வந்தால் சேட்டன். கேள்வி மட்டும் ஒன்றேதான். பதிலை எழுதிவைத்தால் பலருக்கு உதவும் என்று தோன்றியது.

120 வோல்ட் மெஷினை நம் வீட்டு பிளக்கில் நேராகச் சொருகினால் என்ன ஆகும்?

நம்மிடம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (கரண்ட் அலை ஒரு விநாடியில் எத்தனை முறை வருகிறது என்ற கணக்குதான் ஹெர்ட்ஸ்). 120 வோல்ட்டுக்குச் செய்த மெஷினுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. கார்பன் (சுழலும் பாகத்துக்குக் கரண்டைக் கொண்டுபோகும் சின்னக் கட்டை) வைத்த மோட்டார் என்றால் முதலில் சும்மா நிற்காது, ஓடும். அதுதான் ஆபத்தே.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆரியங்காவுப் பக்கத்துத் தச்சர் ஒருவர் நாலரை அங்குல கிரைண்டர் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பியது. அதன் தட்டைப் பின் இரண்டும் நம்மூர் மல்டி பிளக்கில் அப்படியே உள்ளே போயிருக்கின்றன. சுவிட்சைத் தள்ளியதும் விசில் மாதிரி ஒரு சத்தம், கார்பன் பக்கத்தில் நீல நெருப்பு, அப்புறம் புகை. மூன்று நான்கு விநாடிதான். கழற்றிப் பார்த்தேன். ஆர்மேச்சர் (சுழலும் காயில்) வார்னிஷ் கருகி, கார்பன் உரசும் கம்யூடேட்டரில் செம்பு உருகிச் சின்னச் சின்ன மணியாக ஒட்டிக்கொண்டிருந்தது. நல்ல காலம், டிஸ்க் மாட்டாமல் ஓட்டியிருக்கிறார். அந்த அளவு டிஸ்க்கின் மேல் 13,300 சுற்று என்று உச்ச வேகம் போட்டிருக்கும். கிரைண்டரின் சாதாரண வேகமே 11,000. வோல்ட் இரண்டு மடங்கானால் சும்மா ஓடும் வேகம் அந்த எல்லையைத் தாண்டி எங்கேயோ போய்விடும். டிஸ்க் இருந்திருந்தால் சிதறி முகத்தில் அடித்திருக்கும்.

அதனால் பின் உள்ளே போகிறது என்பதற்காக மெஷினைப் போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு மெஷின் வீட்டுக்கு வந்த அன்றே அதன் வயரில் "110 மட்டும்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள் (110, 115, 120 எல்லாவற்றையும் பேச்சில் 110 என்றுதான் சொல்வோம்). வீட்டில் யாராவது அவசரத்துக்கு எடுத்துச் சொருகத்தான் செய்வார்கள்.

நேம் பிளேட்டில் என்ன பார்க்க வேண்டும்?

வோல்ட், ஹெர்ட்ஸ், ஆம்ப் (அல்லது வாட்). இந்த மூன்றையும் போனில் படம் எடுத்து அனுப்பினாலே பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் இரட்டை இன்சுலேஷன், எர்த் பின் இருக்காது. அது குறை இல்லை.

"100-240" என்று இருந்தால் வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரே வேண்டாம், பின்னை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது சார்ஜரில் இருக்கும், கம்பி வைத்த டிரில்லில் நான் பார்த்ததில்லை.

எந்த நாட்டு மெஷினுக்கு டிரான்ஸ்ஃபார்மர் தேவை?

அமெரிக்கா, கனடா என்றால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். கட்டாயம் வேண்டும். ஜப்பானில் 100 வோல்ட். டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. துபாய், கத்தார், ஓமன், குவைத், பஹ்ரைன் மெஷின்கள் நம் வோல்ட்தான், 50 ஹெர்ட்ஸ்தான். பின்னை மாற்றினால் போதும்.

சவூதிதான் குழப்பம். அங்கே பல வருடம் வீட்டு பிளக்கில் 127 வோல்ட், ஏசி மாதிரி பெரிய சாமானுக்கு 220 வோல்ட் என்று இருந்தது. 2010-இல்தான் படிப்படியாக 230-க்கு மாற முடிவெடுத்தார்கள். ஆக, சவூதியிலிருந்து வந்தது 110-ஆகவும் இருக்கலாம், 220-ஆகவும் இருக்கலாம். ஹெர்ட்ஸ் மட்டும் எப்போதும் 60. நேம் பிளேட்டைப் பார்க்காமல் "சவூதி சாமான்தானே, ஓடும்" என்று சொல்லாதீர்கள்.

இங்கிலாந்தில் வீட்டுக்கு 230. கட்டட வேலை இடத்தில் மட்டும் மஞ்சள் பிளக் வைத்த 110 வோல்ட் மெஷின். அங்கே வேலை பார்த்தவர்கள் அந்த மஞ்சள் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொண்டுவந்தால் அதைவிட நல்ல விஷயம் இல்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் 60 ஹெர்ட்ஸ் 50 ஆகிவிடுமா?

ஆகாது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும். உள்ளே எத்தனை ஹெர்ட்ஸ் போகிறதோ அதுதான் வெளியே வரும். இதைப் புரிந்துகொள்ளாமல் போய் வீணான மோட்டார்கள் நிறைய.

உங்கள் மெஷினில் கார்பன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்கவாட்டில் ஸ்க்ரூடிரைவர் வைத்துத் திருகும் இரண்டு மூடி இருந்தால் அது கார்பன் மோட்டார். கை டிரில், கிரைண்டர், வட்ட ரம்பம், ரௌட்டர், பிளேனர் எல்லாம் பெரும்பாலும் இதுதான். (சில மாடலில் கார்பன் உள்ளே மறைந்திருக்கும். ஓடும்போது காற்றுத் துளை வழியாகப் பொறி தெரியும்.) இந்த மோட்டாருக்கு ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டே இல்லை. வோல்ட்டைச் சரியாகக் கொடுத்தால் நிம்மதியாக ஓடும்.

கார்பன் இல்லாமல், கனமாக, சத்தம் குறைவாக ஓடுவது இண்டக்‌ஷன் மோட்டார். காற்றடிக்கும் கம்ப்ரெஸர், மேஜையில் பொருத்தும் டிரில், சாணை பிடிக்கும் பெஞ்ச் கிரைண்டர், பேண்ட் ரம்பம் எல்லாம் இந்த வகை. 60 ஹெர்ட்ஸில் 3,450 சுற்று ஓடுவது இங்கே 2,875 சுற்றுதான் ஓடும். 1,725 என்பது 1,440-க்குப் பக்கத்தில் வரும். ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும். அது பரவாயில்லை, சூடுதான் பெரிய பிரச்சினை. ஹெர்ட்ஸ் குறையும்போது வோல்ட்டையும் அதே கணக்கில் குறைக்காவிட்டால் இரும்புக் கோர் தாங்காமல் கரண்டை அதிகம் இழுக்கும். 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் கொடுக்க வேண்டியது 96 வோல்ட். அதனால் இந்த மாதிரி மோட்டாருக்கு டிரான்ஸ்ஃபார்மரில் 120-க்குப் பதில் 100 வோல்ட் டேப்பில் (காயிலின் நடுவிலிருந்து எடுக்கும் இணைப்பில்) போடச் சொல்வேன். பலம் கொஞ்சம் குறையும், மோட்டார் பிழைக்கும்.

கம்ப்ரெஸருக்கு வேகம் குறைந்துவிட்டதே என்று மோட்டார் பக்கம் பெரிய புல்லி மாட்டுகிறவர்கள் உண்டு. வேண்டாம். பம்ப் பழைய வேகத்துக்கு வரும், ஆனால் மோட்டார் மேல் அதே அளவு பாரம் ஏறும். ஏற்கனவே சூடாகிற மோட்டார் அது. மெதுவாகக் காற்று ஏறட்டும்.

என்னைக் கேட்டால், பெரிய இண்டக்‌ஷன் மெஷினைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவருவதைவிட, உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு மோட்டாரை இங்கே கோயம்புத்தூரில் செய்ததாக மாற்றிவிடுவது நல்லது.

எத்தனை கே.வி.ஏ. வாங்க வேண்டும்?

கே.வி.ஏ. என்பது டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் அளவு, 1,000 வி.ஏ. ஒரு கே.வி.ஏ. மெஷினின் வி.ஏ. தெரிய வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்குங்கள். 120 வோல்ட், 15 ஆம்ப் வட்ட ரம்பம் என்றால் 1,800 வி.ஏ. அதற்குச் சரியாக 2 கே.வி.ஏ. வாங்கினால் ஒரு மாதம் நன்றாக ஓடும், பிறகு வருத்தப்படுவீர்கள். மோட்டார் கிளம்பும்போது இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். ரம்பம் ஈர மரத்தில் சிக்கினாலும் அப்படித்தான். புனலூர்ப் பக்கம் பச்சை ரப்பர் மரம் அறுக்கிறவர்களுக்கு இது தினமும் நடப்பது. பெருக்கி வந்த எண்ணை ஒன்றரை மடங்காக்குங்கள், நாள் முழுக்க வேலை என்றால் அதற்கும் கொஞ்சம் மேலே போங்கள். 15 ஆம்ப் ரம்பத்துக்கு 3 கே.வி.ஏ., 10 ஆம்ப் கிரைண்டருக்கு 2, 7 ஆம்ப் டிரில்லுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை.

3 கே.வி.ஏ. முழுப் பாரத்தில் நம் பக்கம் 13 ஆம்ப் இழுக்கும். மிக்ஸி போடும் 6 ஆம்ப் பிளக் அதற்கு ஆகாது. 16 ஆம்ப் பவர் பிளக், அதுவரை போகும் வயர் 2.5 சதுர மில்லிமீட்டராவது இருக்க வேண்டும்.

வாங்கும்போது தூக்கிப் பாருங்கள். 3 கே.வி.ஏ. என்று ஸ்டிக்கர் ஒட்டி ஒரு கையில் சும்மா தூக்க முடிகிறது என்றால் ஸ்டிக்கர் பொய் சொல்கிறது. செம்பா அலுமினியமா என்றும் கேளுங்கள். அலுமினியம் கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் செம்பு விலை கொடுத்து அலுமினியம் வாங்காதீர்கள்.

ஒரு டயோடு போட்டால் வோல்ட் பாதியாகிவிடும் என்கிறார்களே? ஃபேன் ரெகுலேட்டர் போதாதா?

டயோடு அலையில் பாதியை வெட்டும், வோல்ட்டைப் பாதியாக்காது. 230-இல் டயோடு போட்டால் கணக்குப்படி கிடைப்பது சுமார் 163 வோல்ட். 120 மெஷினுக்கு அது இன்னும் மிக அதிகம். ரெகுலேட்டரும் டிம்மரும் அலையை நறுக்கித்தான் தருகின்றன. உச்சத்தில் 325 வோல்ட் வரை மெஷினுக்குப் போகும். வேகக் கட்டுப்பாட்டு போர்டு உள்ள டிரில் என்றால் முதல் அடியிலேயே போர்டு போகும்.

பயணிகளுக்கு விற்கும் உள்ளங்கை அளவு கன்வர்ட்டரும் இதே கதைதான். 1,600 வாட் என்று போட்டிருக்கும், எடை கால் கிலோ இருக்காது. தலைமுடி உலர்த்தியைக் கொஞ்ச நேரம் ஓட்டச் செய்தது அது. மோட்டார், சார்ஜர் எதையும் அதில் போடாதீர்கள்.

ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரா, ஐசொலேஷனா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது.

ஐசொலேஷனில் இரண்டு தனிக் காயில். 230 பக்கத்துக்கும் 110 பக்கத்துக்கும் கம்பித் தொடர்பே கிடையாது. ஆட்டோவில் ஒரே காயில், நடுவில் ஒரு டேப் எடுத்து 115 தருவார்கள். இரண்டுக்கு ஒன்று விகிதத்தில் ஆட்டோவுக்குப் பாதிக் கோர் போதும். அதனால் விலை குறைவு, எடை குறைவு, கடையில் கிடைப்பதும் பெரும்பாலும் அதுதான்.

ஆட்டோவில் ஒரு முனை இரண்டு பக்கத்துக்கும் பொது. அந்தப் பொது முனைக்கு நியூட்ரல் வர வேண்டும். நம் வீடுகளில் போர்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பது புதிதில்லை. இரண்டு பின் பிளக் என்றால் திருப்பியும் சொருகலாம். அப்படி மாறினால் மெஷினுக்கு இரண்டு வயருக்கு நடுவில் 115 வோல்ட்தான் கிடைக்கும், நன்றாகவே ஓடும். ஆனால் தரையோடு ஒப்பிட்டால் ஒரு வயர் 230-இலும் மற்றது 115-இலும் நிற்கும். வயர் உரிந்த இடத்தில் கை பட்டால் 110 வோல்ட் அடி அல்ல, முழு 230 அடி.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டுவிட்டு, 110 சாக்கெட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் வையுங்கள். ஒன்றில் மட்டும் எரிந்தால் சரி. இரண்டிலும் எரிந்தால் உடனே நிறுத்தி, போர்டில் வயரை மாற்றச் சொல்லுங்கள். ஆட்டோவுக்கு மூன்று பின் பிளக்தான் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதற்காகத்தான்.

ஆட்டோவில் இன்னொரு பயம் உண்டு. பொதுப் பக்கக் காயில் உள்ளே அறுந்துவிட்டால் மீதிக் காயில் வழியாக 230 மெஷினுக்குப் பாய்ந்துவிடும்.

காய்ந்த தரை, மரப் பட்டறை, இரட்டை இன்சுலேஷன் மெஷின் என்றால் நல்ல ஆட்டோ போதும். கட்டட வேலை, ஈரத் தரை, இரும்புக் கம்பிக்கு நடுவில் வேலை என்றால் ஐசொலேஷன்தான். அதிலும் மேலே சொன்ன இங்கிலாந்து மஞ்சள் டிரான்ஸ்ஃபார்மரில் 110 காயிலின் நடுப்புள்ளியை எர்த் செய்திருப்பார்கள். எந்த வயரைத் தொட்டாலும் தரைக்கு 55 வோல்ட்தான். எளிய யோசனை, எத்தனையோ உயிரைக் காப்பாற்றும். நம்மூரிலும் காயில் கட்டுகிறவரிடம் சொன்னால் நடுவில் டேப் எடுத்துத் தருவார்.

ஒன்று நினைவிருக்கட்டும். ஐசொலேஷனுக்குப் பின்னால் ஏற்படும் கசிவை வீட்டு இ.எல்.சி.பி. (கரண்ட் தரைக்குக் கசிந்தால் நிறுத்தும் சுவிட்ச்) பார்க்காது. அது இருக்கிறது என்ற தைரியத்தில் கிழிந்த வயரோடு வேலை செய்யாதீர்கள்.

110 பக்கம் எந்த சாக்கெட் வைப்பது?

சாதாரண நம்மூர் சாக்கெட் வேண்டவே வேண்டாம். அமெரிக்க சாக்கெட் அல்லது மஞ்சள் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் வையுங்கள். மஞ்சள் என்றால் 110 வகை, நீலம் என்றால் 230 வகை என்பது உலக வழக்கம்.

சுவிட்ச் போட்ட உடனே எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானே அணையும் சுவிட்ச்) விழுகிறது. மெஷினை இன்னும் மாட்டவே இல்லை!

பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் கெடவில்லை. சுவிட்ச் போட்ட கணத்தில் கோர் காந்தமாவதற்கு ஒரு பெரிய இழுப்பு இழுக்கும். வீட்டில் இருப்பது 'பி' வகை எம்.சி.பி. என்றால் அதைத் தாங்காது. அதே ஆம்பில் 'சி' வகை மாற்றினால் சரியாகிவிடும். ஆம்பைக் கூட்டி மாற்றாதீர்கள், வயர் வெந்துவிடும். 'சி' போட்ட பிறகும் ஒவ்வொரு தடவையும் விழுந்தால் காயிலில் ஷார்ட் இருக்கலாம், கொண்டுவாருங்கள்.

வீட்டிலிருந்து பட்டறைக்கு முப்பது மீட்டர். எக்ஸ்டென்ஷன் எந்தப் பக்கம்?

230 பக்கம். டிரான்ஸ்ஃபார்மர் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 30 மீட்டருக்கு 15 ஆம்ப் இழுத்தால் சுமார் 12 வோல்ட் வழியிலேயே போய்விடும். 120-இல் அது பத்தில் ஒரு பங்கு. அதே வேலைக்கு 230 பக்கத்தில் ஏழரை ஆம்ப்தான், இழப்பு 6 வோல்ட், தெரியவே தெரியாது. எக்ஸ்டென்ஷன் ரீலைச் சுருட்டியபடியே ஓட்டாமல் முழுக்க அவிழ்த்துவிடுங்கள். சுருளுக்குள் சூடு தேங்கி வயர் உருகி ஒட்டிக்கொண்ட ரீலை என் பட்டறையில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று.

எங்கள் ஊரில் சாயங்காலம் 180 வோல்ட்தான் வரும்.

அப்படியானால் 115-க்குப் பதில் 90 வரும். கார்பன் மோட்டார் பலமில்லாமல் ஓடும், நாம் அழுத்துவோம், சூடாகும். முன்னால் ஸ்டெபிலைசர் போடுங்கள், இல்லாவிட்டால் காலையில் அறுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் இதை ஓட்ட முயல வேண்டாம். அதற்கு அந்தப் பலமும் கிடையாது, சதுர அலை என்றால் டிரான்ஸ்ஃபார்மர் உறுமிச் சூடாகும்.

கேரளாப் பக்கம் வேறு வோல்ட்டா?

இல்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடுதான் இருந்தது. இப்போது மின்வாரியம் இரண்டு, ஆனால் எல்லையில் இருக்கும் கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கமும் அதே 230, அதே 50.

வெளிநாட்டிலிருந்தே டிரான்ஸ்ஃபார்மர் கொண்டுவரலாமா?

50/60 என்று போட்டிருந்தால் தாராளமாக. 60 மட்டும் என்றால் வேண்டாம், நம் 50-இல் கோர் நிறைந்து சும்மா இருக்கும்போதே சூடாகும்.

பேட்டரி டிரில்லுக்கு என்ன செய்வது?

பேட்டரிக்கு நாடு தெரியாது, சார்ஜருக்குத்தான் தெரியும். டிவால்ட்டில் அமெரிக்காவில் 20 வோல்ட் என்று விற்பதும் இங்கே 18 வோல்ட் என்று விற்பதும் ஒரே வகைதான், எழுதும் கணக்கு மட்டும் வேறு. இங்கே விற்கும் 230 சார்ஜர் ஒன்று வாங்கிவிடுங்கள். சார்ஜருக்காக டிரான்ஸ்ஃபார்மரை இரவெல்லாம் போட்டுவைப்பது வீண்.

விமானத்தில் வரும்போது மெஷின் பெட்டியில், தனிப் பேட்டரி கைப்பையில். வோல்ட்டை ஆம்ப்-அவரால் பெருக்கி 100-க்குள் வந்தால் கேள்வி இல்லை. 18 வோல்ட், 5 ஆம்ப்-அவர் என்றால் 90. அதே 6 என்றால் 108. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்பே அனுமதி வாங்க வேண்டும்.

மெஷினையே 230-க்குக் காயில் மாற்றிக் கட்டித் தருவீர்களா?

முடியும். சுற்று இரண்டு மடங்கு, கம்பியின் குறுக்குப் பரப்பு பாதி. ஃபீல்டு (சுழலாமல் நிற்கும் காயில்), ஆர்மேச்சர் இரண்டையும் கட்ட வேண்டும், வேகப் போர்டு இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். சின்ன டிரில்லுக்குக் கூலி கட்டுப்படியாகாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். சில மாடல்கள் இங்கேயும் 230-இல் விற்கின்றன. அதன் ஆர்மேச்சரும் ஃபீல்டும் அப்படியே உட்காருமா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

ஆனாலும் பதினைந்து வருடம் பாலைவனத்தில் கையோடு இருந்த ரம்பத்தைக் கொண்டுவந்து, "கூலி எவ்வளவு ஆனாலும் சரி" என்று கேட்பவர்களுக்குக் கட்டித்தான் தருகிறேன். அந்தப் பிடி அவர் கைக்குத்தான் தேய்ந்திருக்கிறது.

சாரல் காலத்தில் டிரான்ஸ்ஃபார்மரை எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தப் பக்கம் காற்றே நனைந்திருக்கும். சிமெண்ட் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். பல நாள் சும்மா கிடந்ததை எடுத்தவுடன் போடாதீர்கள். ஒரு மரப்பெட்டிக்குள் 100 வாட் குண்டு பல்போடு ஓர் இரவு வையுங்கள், பல்ப் எதையும் தொடாமல் இருக்கட்டும். காலையில் 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டரில்) காயிலுக்கும் கோருக்கும் நடுவில் பார்ப்போம். 2 மெகா ஓமுக்கு மேல் காட்டினால் போடலாம், குறைந்தால் இன்னொரு நாள் காயட்டும். பிறகும் நம்பிக்கை வராவிட்டால் சீரிஸ் பல்ப் போர்டு (கரண்ட் ஒரு பல்பைத் தாண்டித்தான் போகும்படி செய்த போர்டு) வழியாக முதலில் போட்டுப் பாருங்கள். பல்ப் முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட். முதலில் மின்னி மங்கினால் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம்.